பெயர்ச்சியை அறிவோம், கோளை அறிவோமா?

சென்ற ஆண்டு மே மாதம், குருப்பெயர்ச்சி நடந்த வாரத்தின் ஒரு மாலை. எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர், மேற்கே தாழ்வாக, சிமிட்டாமல் நின்ற ஓர் ஒளிப்புள்ளியைக் காட்டி, “அது விமானமா சார்? ரொம்ப நேரமா நகரவே இல்லையே” என்று கேட்டார். “அதுதான் ஐயா குரு. வியாழன்” என்றேன். இரண்டு நாள்களுக்கு முன்புதான் அவர் குடும்பத்துடன் கோயிலுக்குப் போய் குரு பகவானுக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்திருந்தார். சிறிது நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், “எழுபது வருஷமா கும்பிடறேன். இன்னிக்குத்தான் பார்க்கிறேன்” என்றார்.

அவர் ஒருவரைக் குறித்து மட்டும் சொல்லத்தக்க செய்தியல்ல இது. வாரத்தின் ஐந்து நாள்களைச் செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்று கோள்களின் பெயராலேயே அழைப்பவர்கள் நாம். தமிழில் கோளுக்கும் கிழமைக்கும் ஒரே சொல். கோள்கள் ராசி மாறும் நாளில் நம் கோயில்களில் கூட்டம் அலைமோதுகிறது. ஆனால், அந்த ஐந்தில் ஒன்றையேனும் வானில் சுட்டிக்காட்டச் சொன்னால் படித்தவர்களிலும் பெரும்பாலோர் தயங்குகிறோம். பார்ப்பதற்குத் தொலைநோக்கி தேவையில்லை. ஊரைவிட்டு வெளியே போகவும் வேண்டாம். நகர விளக்குகளின் ஒளிமாசு பால்வீதியை நம்மிடமிருந்து பறித்துவிட்டது. மங்கிய விண்மீன்களையும் விழுங்கிவிட்டது. பிரகாசமான கோள்களை மட்டும் அதனால் இன்னும் மறைக்க முடியவில்லை.

அடையாளம் காணும் வழி

விண்மீன்கள் சிமிட்டும், கோள்கள் பெரும்பாலும் சிமிட்டா. விண்மீன்கள் மிகத் தொலைவில் இருப்பதால் வெறும் புள்ளியாகவே தெரிகின்றன. அந்த ஒற்றைக் கதிரை வளிமண்டலத்தின் சலனம் எளிதில் அலைக்கழித்துவிடுகிறது. கோள்களோ மிகச் சிறிய வட்டுகள். அவற்றின் பல பகுதிகளிலிருந்து வரும் ஒளியின் நடுக்கங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்வதால் மொத்த ஒளி நிலையாகத் தோன்றுகிறது. அடிவானத்துக்கு மிக அருகில் மட்டும் இந்த விதி தளரும்.

இரண்டாவது அடையாளம் இடம். சூரியனைச் சுற்றும் கோள்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே தளத்தில் சுற்றுவதால், வானில் சூரியனும் நிலவும் செல்லும் பாதையை ஒட்டியே அவை காணப்படும். வடக்கே தாழ்வாக எவ்வளவு பிரகாசமான ஒளி தெரிந்தாலும் அது கோள் அல்ல. நம் முன்னோர் பன்னிரண்டு ராசிகளாகவும் இருபத்தேழு நட்சத்திரங்களாகவும் பகுத்தது இந்தப் பாதையைத்தான்.

அளப்பதற்குக் கை போதும். கையை முழுவதும் நீட்டி முட்டியை மடக்கினால், அது வானில் ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும்; சுண்டுவிரலின் அகலம் 1 பாகை. முழு நிலவு அரைப் பாகைதான்.

ஐவரும் ஐந்து விதம்

வெள்ளியை நாம் தவறவிட முடியாது. சூரியன், நிலவு ஆகியவற்றுக்கு அடுத்து வானில் வழக்கமாகப் பிரகாசமானது அதுவே. அதன் அடர்ந்த மேகங்கள் தம்மீது விழும் சூரிய ஒளியில் சுமார் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுவதே காரணம். பூமியின் சுற்றுப்பாதைக்கு உள்ளே இருப்பதால் அது சூரியனைவிட்டு 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. ஐந்து முட்டி அளவுகூட இல்லை. எனவே மாலையில் மேற்கிலோ விடியலில் கிழக்கிலோதான் காண முடியும். நள்ளிரவில் உச்சிவானில் வெள்ளி ஒருநாளும் நிற்காது. 584 நாள்களுக்கு ஒருமுறை அதன் தோற்றச் சுழற்சி மீண்டும் தொடங்கும். இத்தகைய ஐந்து சுழற்சிகள் சேர்ந்தால் ஏறத்தாழச் சரியாக எட்டு ஆண்டுகள். இன்று மாலை வெள்ளி நிற்கும் இடத்தில்தான் எட்டு ஆண்டுகளுக்கு முன்பும் இதே தேதியில் நின்றது.

புதன் இன்னும் நாணம் மிகுந்தது. அதிகபட்சமாக 28 பாகைதான் விலகும். ஆனால் நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நமக்கு ஒரு நற்பேறு உண்டு. இங்கே சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால் அந்தி விரைவில் இருண்டு, புதனும் உயரமாகத் தெரியும். ஐரோப்பியர்கள் பாடுபட்டுத் தேடும் கோளை நாம் கடற்கரையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றி வர ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகும். அதனால்தான் ஆண்டுக்கு ஒரு ராசி என்ற கணக்கு. சனிக்கு ஏறத்தாழ 29½ ஆண்டுகள். ஒரு ராசியைக் கடக்க இரண்டரை ஆண்டுகள். மெதுவாகச் செல்பவன் என்பதே சனைச்சரன் என்ற வடசொல்லின் பொருள். அச்சத்தோடு உச்சரிக்கப்படும் அந்தப் பெயர் உண்மையில் ஓர் அவதானிப்பின் பதிவு. சனியை மாதக்கணக்கில் பொறுமையாகப் பார்த்த ஒருவர்தான் அப்படிப் பெயரிட்டிருக்க முடியும்.

செவ்வாய் தன் செந்நிறத்தால் பெயர் பெற்றது. ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை பூமி அதனை நெருங்கிக் கடக்கும்போது மட்டும் மிகப் பிரகாசமாகும். மற்றக் காலங்களில் சாதாரண விண்மீன் போலவே தோன்றும்.

பார்க்காததன் விலை

ஒவ்வோர் ஆகஸ்டிலும் செவ்வாய் நிலவின் அளவுக்குத் தெரியப்போகிறது என்று ஒரு செய்தி கைப்பேசிகளில் வலம்வரும். 2003 ஆகஸ்ட் 27 அன்று, ஏறத்தாழ 60 ஆயிரம் ஆண்டுகளில் காணாத அளவுக்குச் செவ்வாய் பூமியை நெருங்கியது உண்மை. அன்றும்கூட அதன் தோற்ற அளவு முழு நிலவின் விட்டத்தில் எழுபதில் ஒரு பங்குதான். ஒருமுறையேனும் செவ்வாயைக் கண்ணால் பார்த்தவர் அந்தச் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பமாட்டார். கோள்கள் நேர்கோட்டில் அணிவகுப்பதால் பேரழிவு வரும் என்பதும் இதே வகைதான். அவை எப்போதுமே ஒரே பாதையில் செல்பவை. சில வாரங்கள் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிகின்றன, அவ்வளவே.

பார்க்காமல் இருப்பதன் விலை வதந்தியோடு முடிவதில்லை. திருக்கணித முறைப்படி 2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி நிகழ்ந்தது. வாக்கிய முறையைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் அது 2026ஆம் ஆண்டுக்கு உரியதாயிற்று. ஒரே கோளின் ஒரே நகர்வுக்கு ஏறத்தாழ ஓராண்டு இடைவெளி! பழைய வாய்பாடுகளின் வழி செல்லும் கணக்குக்கும், காலந்தோறும் வானோடு ஒப்பிட்டுத் திருத்தப்படும் கணக்குக்கும் உள்ள வேறுபாடு இது. எது சரி என்று நாம் பஞ்சாங்கங்களைக் கேட்கிறோம், சோதிடர்களைக் கேட்கிறோம். சனியைப் பார்க்கத்தான் யாரும் மாடி ஏறுவதில்லை.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இதைச் சொன்னவர் ஒருவர் சென்னையில் இருந்தார். நுங்கம்பாக்கத்தில் இயங்கிய சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளிர் விண்மீனைக் கண்டறிந்தவர். 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனின் முகத்தைக் கடந்து சென்ற அரிய நிகழ்வைப் பொதுமக்களுக்கு விளக்க, ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் சிறு நூல் வெளியிட்டார். வானில் காண்பதோடு பொருந்தும்படி பஞ்சாங்கக் கணக்கைத் திருத்த வேண்டும் என்று வாதிட்டார். மரபில் பற்றுள்ளவர் அவர். மரபின் கணக்கு வானத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதே அவர் கவலை.

மரபுக்கு எதிரானதல்ல

கோளை வெறும் பாறையாகவும் வாயுவாகவும் காட்டி பக்தியைக் குலைப்பதா என்று சிலர் கேட்கக்கூடும். நான் மாறாக நினைக்கிறேன். கும்பகோணம் மகாமகத்தை எண்ணிப் பாருங்கள். மாசியில் சூரியன் கும்பத்தில், முழு நிலவு எதிரே சிம்மத்தில், மக நட்சத்திரத்தின் அருகே, வியாழனும் சிம்மத்தில். அதாவது, வியாழன் சூரியனுக்கு ஏறத்தாழ நேர் எதிரே இருக்கும். பூமிக்கு அருகில் வந்து இரவு முழுவதும் மிகப் பிரகாசமாக ஒளிரும். 2016 பிப்ரவரி 22 அன்று பல லட்சம் பேர் குளத்தில் நீராடினர். அன்றிரவு முழு நிலவும், அதனைத் தொடர்ந்து வியாழனும் கிழக்கே எழுந்து வந்தன. அந்த விழாவின் காரணமே தலைக்கு மேல் நின்றது. நிமிர்ந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? 2028இல் அடுத்த மகாமகம் வருகிறது. நீராட வருவோருக்கு அந்த இரவில் வியாழனைச் சுட்டிக்காட்டவும், சிறு தொலைநோக்கியில் அதன் நான்கு நிலவுகளைக் காட்டவும் ஏற்பாடு செய்தால், விழா குறைந்துவிடாது; நிறைவுபெறும்.

அதற்கு முன்பே இந்த 2026ஆம் ஆண்டு நமக்கு நல்ல வாய்ப்புகளைத் தருகிறது. ஜூன் 9 அன்று மாலை மேற்கு வானில் வெள்ளியும் வியாழனும் இரண்டு விரல் அகலத்துக்குள் நெருங்கி நிற்கும். அருகிலேயே புனர்பூசத்தின் இரட்டை விண்மீன்கள். ஜூன் நடுப்பகுதியில் அவற்றுக்குக் கீழே புதனையும் தேடலாம். அக்டோபர் 4 அன்று சனி சூரியனுக்கு எதிர்நிலைக்கு வருகிறது. சூரியன் மறையும் வேளையில் கிழக்கே எழும். செவ்வாய்க்கு 2027 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டும்.

பள்ளிகளிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். பாடநூலில் கோள்களின் பெயரை வரிசையாக ஒப்பிக்கும் மாணவர், பள்ளியைவிட்டுப் போவதற்குள் அந்த ஐந்தையும் ஒருமுறையேனும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். இதற்குச் செலவில்லை, ஆண்டுக்குச் சில மாலைகளும், பெயர் சொல்லித்தர ஓர் ஆசிரியரும் போதும். வீட்டில் அந்த வேலையைத் தாத்தா பாட்டிகள் ஏற்றுக்கொள்ளலாம்.

எங்கள் மாடியில் அது தொடங்கிவிட்டது. அந்தப் பெரியவர் இப்போது துணி எடுக்க மட்டும் மாடிக்கு வருவதில்லை. சென்ற வாரம் பேத்தியையும் அழைத்துவந்து, மேற்கே கைநீட்டி, “அதோ வெள்ளி” என்று காட்டிக்கொண்டிருந்தார். அவள் ஏழாவது வயதிலேயே பார்த்துவிட்டாள்.