நீ படிச்சியா?

என் செல்பேசியில் ‘அப்புறம் படிக்க’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. போன மாதம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 412 கட்டுரைகள். அதில் முழுதாகப் படித்தவை முப்பது தேறினால் அதிகம். ஆனால் அந்த 412இல் பாதிக்கு மேல் யாருக்காவது அனுப்பியிருக்கிறேன். ‘செமயா இருக்கு, படிங்க’ என்று ஒரு வரி சேர்த்து.

அப்படி அதிகம் வாங்கிக்கொண்டவர் என் அப்பா. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் படிப்பகத்தில் உட்கார்ந்து, இருக்கிற பேப்பர் அத்தனையும் படித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். இரண்டு வருஷத்துக்கு முன் சர்க்கரை அவருடைய விழித்திரையில் கைவைத்தது. இப்போது வெளிச்சம் தெரியும், ஆள் தெரியும், எழுத்து தெரியாது. நான் என்ஜினியர் அல்லவா, உடனே தீர்வு கண்டேன். எழுத்தை வாசித்துக் காட்டும் செயலியை அவர் போனில் போட்டுக் கொடுத்தேன். தினமும் நாலைந்து கட்டுரை அனுப்பினேன்.

ஒருநாள் கேட்டார்.

“ஏங்கண்ணு, இதையெல்லாம் நீ படிச்சியா?”

“இல்லீங்கப்பா. நல்லா இருக்குதுன்னு சொன்னாங்க.”

“அப்பறம் எதுக்கு எனக்கு அனுப்பறே?”

பதில் இல்லை. வேலையில் யாராவது இப்படிக் கேட்டால் சமாளித்துவிடுவேன். அப்பாவிடம் முடியவில்லை. அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச நாள் பழைய கதைகளுக்குள் சுற்றினேன். இந்தக் கட்டுரை அப்படி வந்ததுதான்.

*

தமிழில் ஒருவர் இன்னொருவருக்குப் புத்தகம் சிபாரிசு செய்த கதைகளில் மிகப் பெரியது 1880இல் கும்பகோணத்தில் நடந்தது. உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கும்பகோணம் கல்லூரியில் புதிதாகத் தமிழாசிரியர் வேலைக்குச் சேர்ந்திருந்த உ.வே. சாமிநாதையருக்கு அப்போது 25 வயது. அந்த ஊருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்தவர் சேலம் இராமசாமி முதலியார். மரியாதைக்குப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனார் சாமிநாதையர்.

என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவரிடம் கேட்கிற கேள்வியா இது? அந்தாதிகள், கோவைகள், உலாக்கள், பிள்ளைத்தமிழ்கள் என்று இவர் அடுக்கினார். முதலியாரின் முகத்தில் சலனமே இல்லை. இதற்கெல்லாம் முன்னால் உள்ள பழைய நூல்களைப் படித்ததுண்டா என்பது அவருடைய அடுத்த கேள்வி. சீவக சிந்தாமணியின் பெயரைச் சொன்னார். சாமிநாதையர் அதைப் படித்ததில்லை.

இதுவரை பள்ளிக்கூடப் பாடத்திலேயே வந்துவிடும். எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்குப் பிறகு நடந்தது. முதலியார் பெயரைச் சொன்னதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தன்னிடமிருந்த பிரதியைக் கொடுத்தார். கொடுத்ததோடும் விடவில்லை. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படித்தார்கள். புரியாத இடங்களுக்காகச் சாமிநாதையர் கும்பகோணத்துச் சமணர்களின் வீடுகளைத் தேடிப் போனார். ஏழு வருஷம் கழித்து, 1887இல், சிந்தாமணி அச்சில் வந்தது. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894 என்று வரிசை நீண்டது. எங்கள் விசயமங்கலத்துக் கொங்குவேளிர் எழுதிய பெருங்கதையும் 1924இல் அவர் கையால்தான் பதிப்பானது. முதலும் முடிவும் தொலைந்துபோன காப்பியம் அது. மிச்சமாவது நமக்குக் கிடைத்தது.

நான் வேலை பார்க்கும் துறையில் சிபாரிசு செய்வதற்கென்றே நிரல்கள் இருக்கின்றன. அடிப்படை எளிது. உன்னைப் போலவே படித்தவர்கள் வேறு என்ன படித்தார்கள் என்று பார், அதை உனக்குக் காட்டு. 1880இல் அப்படி ஒரு நிரல் இருந்திருந்தால் சாமிநாதையருக்கு என்ன காட்டியிருக்கும்? இன்னொரு அந்தாதி. அவரைப் போலப் படித்தவர்கள் யாரும் சிந்தாமணியின் பக்கம் போகவில்லையே! முதலியார் அவருக்குப் பிடித்ததைக் கொடுக்கவில்லை. அவருக்கு இல்லாததைக் கொடுத்தார். எதிரில் இருக்கும் மனிதரிடம் என்ன இல்லை என்று தெரிய, முதலில் அவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

*

கும்பகோணத்துக் கதை இருக்கட்டும். எங்கள் ஊரில் என்ன?

கோயமுத்தூர் என்றால் பஞ்சு, மோட்டார், கிரைண்டர். 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் அவினாசி ரோட்டிலும் திருச்சி ரோட்டிலும் மில்களாக முளைத்தன. இலக்கியம் என்றால் தஞ்சாவூர், திருநெல்வேலி என்றுதான் நானும் கல்லூரி முடிக்கும்வரை நினைத்திருந்தேன். என் ஊரின் கதை எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

1971 அக்டோபரில் கோவையிலிருந்து ‘வானம்பாடி’ என்ற கவிதை இதழ் வந்தது. புவியரசு, சிற்பி, ஞானி, முல்லை ஆதவன், சக்திக்கனல், அக்கினிபுத்திரன் என்று ஒரு கூட்டம். பெரும்பாலும் ஆசிரியர்கள். இதழின்மேல் தங்களை எப்படிச் சொல்லிக்கொண்டார்கள் தெரியுமா? ‘விலையிலாக் கவிமடல்’. விலை கிடையாது. வாத்தியார் சம்பளத்திலிருந்து காகிதம், அச்சுக்கூலி, தபால்தலை.

வானம்பாடிக் கவிதைகள் உரக்கக் கத்துகின்றன, கோஷம் போடுகின்றன என்று நவீனக் கவிஞர்கள் கடுமையாகச் சொன்னார்கள். இன்று எடுத்துப் படித்தால் பல இடங்களில் அவர்கள் பக்கம் நியாயம் இருப்பது தெரிகிறது. ஆனால் அந்த விலையில்லா மடலை நான் வேறு கண்ணால் பார்க்கிறேன். பகிர்வதற்குச் செலவு இருந்த காலம் அது. இந்தக் கவிதை இன்னொருவர் கைக்குப் போக வேண்டும் என்றால் யாரோ ஒருவர் அந்த மாதம் எதையோ குறைத்துக்கொள்ள வேண்டும். செலவு இருந்தால் யோசித்துத்தானே அனுப்புவோம்? எனக்கு ஒரு கட்டுரையை அனுப்ப விரல் நகர்த்தினால் போதும். அதனால்தான் படிக்காததைக்கூட அனுப்ப முடிகிறது.

அந்தக் கூட்டத்தில் வந்தவர்தான் கோவை ஞானி. இயற்பெயர் பழனிச்சாமி. 1935இல் சோமனூரில் பிறந்தவர். தறிச்சத்தத்துக்குப் பேர்போன ஊர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்து, கோவையில் பள்ளித் தமிழாசிரியராக இருந்தார். மார்க்சியர். ஆனால் கட்சி சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்ளாத மார்க்சியர். சங்க இலக்கியத்தையும் மார்க்ஸையும் ஒரே மேசையில் வைத்துப் படித்தவர்.

எழுதியதோடு, தன் வாழ்நாள் முழுக்க ஏதாவது ஓர் இதழ் வழியாகப் படித்ததைப் பிறருக்குக் கடத்திக்கொண்டே இருந்தார். ‘புதிய தலைமுறை’, வானம்பாடி, ‘பரிமாணம்’, பிறகு 1982 முதல் 1996 வரை ‘நிகழ்’. சோவியத் யூனியன் ஆட்டம்கண்டு விழுந்த வருஷங்கள் அவை. மார்க்சியத்துக்கு உள்ளேயும் வெளியேயும் நடந்த விவாதங்களை நிகழ் தமிழுக்குக் கொண்டுவந்தது. அப்போது இளம் எழுத்தாளராக இருந்த ஜெயமோகனின் ‘படுகை’, ‘போதி’ கதைகள் வந்ததும் அதில்தான். ஞானியின் அரசியலை ஜெயமோகன் ஏற்றவரில்லை. ஆனாலும் கதைக்கு இடம் கிடைத்தது. பிற்பாடு ஞானியைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார் ஜெயமோகன்.

நிகழ் நடந்துகொண்டிருந்தபோதே, 1980களின் கடைசியில், சர்க்கரை நோயால் ஞானிக்குப் பார்வை போனது. ஆசிரியர் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றார். இதை முதல்முறை படித்தபோது அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

அத்தோடு முடிந்தது என்றுதானே நினைப்போம்? நிகழ் நிற்கவில்லை. இன்னும் பல வருஷம் வந்தது. அது நின்ற பிறகு, 1998இல், ‘தமிழ் நேயம்’ என்று புது இதழே தொடங்கினார். அதாவது, ஒரு வரி கூடக் கண்ணால் படிக்க முடியாத ஒருவர் ஓர் இதழுக்கு ஆசிரியர். பெண்களுக்கென்று சிறுகதைப் போட்டி நடத்தி, வந்த கதைகளைத் தொகுத்தார். திறனாய்வு நூல்கள் தொடர்ந்து வந்தன. 2009ஆம் ஆண்டுக்கான இயல் விருது ஐராவதம் மகாதேவனுக்கும் இவருக்கும் சேர்த்துக் கிடைத்தது.

என்ஜினியர் புத்தி, இது எப்படி நடந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாவலைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுத வேண்டுமென்றால் முதலில் யாராவது அந்த நாவல் முழுவதையும் அவருக்குச் சத்தமாக வாசிக்க வேண்டும். 400 பக்கம் என்றால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். பிறகு அவர் சொல்லச் சொல்ல யாராவது எழுத வேண்டும். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். திருத்தம் சொன்னால் மறுபடி எழுத வேண்டும். முப்பது வருஷம் இது நடந்திருக்கிறது. நண்பர்கள், உதவியாளர்கள், வீட்டுக்கு வந்த இளைஞர்கள் என்று எத்தனையோ குரல்கள். அந்த நூல்களின் அட்டையில் ஒரு பெயர்தான் இருக்கிறது. உள்ளே ஒரு ஊரே இருக்கிறது.

*

உலகத்தில் இதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. அர்ஜென்டினாவின் போர்ஹெஸ் 1955இல் தேசிய நூலகத்துக்கு இயக்குநரானார். ஏறக்குறைய அதே சமயத்தில் படிக்கும் பார்வையை இழந்தார். லட்சக்கணக்கான புத்தகங்கள் சுற்றிலும், ஒன்றையும் படிக்க முடியாது. 1964இல், போனஸ் அயர்ஸில் ஒரு புத்தகக் கடையில் வேலை பார்த்துவந்த 16 வயதுப் பையனை, வீட்டுக்கு வந்து எனக்கு வாசித்துக் காட்டுகிறாயா என்று கேட்டார். அந்தப் பையன் ஆல்பர்ட்டோ மாங்குவெல். பிற்காலத்தில் வாசிப்பின் வரலாற்றையே ஒரு புத்தகமாக எழுதியவர். கிழவருக்குப் பையன் உதவினான் என்று நாம் சொல்வோம். யாருக்கு யார் உதவியது?

கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1860களிலிருந்து ஒரு வழக்கம் உண்டு. தொழிலாளிகள் புகையிலை சுருட்டிக்கொண்டிருக்க, உயரமான நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து பேப்பரும் நாவலும் வாசிப்பார். அவருக்கான கூலியைத் தொழிலாளிகளே தங்களுக்குள் வசூல்செய்து கொடுத்தார்கள். இதை அப்பாவிடம் சொன்னேன். “எங்க படிப்பகத்துலயும் ஒருத்தரு அப்படித்தான், எழுத்துத் தெரியாதவங்களுக்கு உக்காந்து படிச்சுச் சொல்லுவாரு. கூலியெல்லாம் இல்ல, ஒரு டீ” என்றார். இத்தனை வருஷத்தில் அதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை.

*

கோவை ஞானி 2020 ஜூலை 22ஆம் தேதி இறந்தார். கொரோனா ஊரடங்குக் காலம். அவருடைய இதழ்களில் அச்சிட்ட முகவரியில் ‘ஞானாம்பிகை ஆலை அஞ்சல்’ என்று இருக்கும். முகவரியில்கூட ஒரு மில். நான் சரவணம்பட்டியில் வேலை பார்க்கிறேன். பைக்கில் போனால் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தை நான் ஒருநாளும் ஓட்டவில்லை. அவர் இறந்த அன்று யாரோ எழுதிய அஞ்சலிக் கட்டுரையை நான்கு பேருக்கு அனுப்பினேன். அனுப்பியதன் அடையாளம் இன்னும் என் போனில் இருக்கிறது. அதையும் அன்று நான் முழுதாகப் படிக்கவில்லை.

அப்பாவுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டேன். பதிலாக இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் வாசிக்கிறேன். என்ன வாசிப்பது என்று கேட்டபோது, “நீ படிக்காதது எதாச்சும் எடு. ரண்டு பேத்துக்கும் புதுசா இருக்கட்டும்” என்றார். வானம்பாடிப் புவியரசு தமிழில் கொடுத்திருக்கும் கரமசோவ் சகோதரர்களை எடுத்தேன். ஐந்து வருஷமாக என் அலமாரியில் சும்மா இருந்த புத்தகம்.

முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது. சத்தமாக வாசித்துப் பழக்கமில்லை, பத்து நிமிஷத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. கண்ணால் படிக்கும்போது நான் எத்தனை வரிகளைத் தாண்டிக் குதிக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. வாசித்துக் காட்டும்போது குதிக்க முடியாது. குதித்தால் அப்பா கண்டுபிடித்துவிடுகிறார். ரஷ்யப் பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. மூத்த மகன் திமித்ரியை ‘பெரியவன்’ என்கிறார். கிழட்டு அப்பன் ஃபியோதருக்கு எங்கள் சொந்தத்தில் ஒருவரின் பெயரை வைத்துவிட்டார். அதை இங்கே எழுத முடியாது.

இரண்டு மாதமாகிறது. இன்னும் முதல் பாகத்தைத் தாண்டவில்லை. ஃபோல்டரில் 412 அப்படியே இருக்கிறது, ஒன்றும் குறையவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலை நடைக்கு அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனேன். பார்க் பெஞ்சில் அவருடைய பழைய மில் சேக்காளிகள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். நான் டீ வாங்கிவிட்டுத் திரும்பி வந்தபோது, அப்பா அவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சொத்துத் தகராறு, ஒரு கெட்ட அப்பன், மூணு பசங்க.

“ஏனுங்க, இது எந்த ஊர்ல நடந்தது?” என்று ஒருவர் கேட்டார்.

“ரஷ்யாவுலீங்க” என்றார் அப்பா. “மீதி அடுத்த வாரம் சொல்றனுங்க. பையன் இன்னும் படிக்கோணும்.”