மாநிலவாரித் தேர்தல் கணிப்பு

நாடு முழுவதும் விழும் வாக்குகளை ஒரே குவியலாக எண்ணாமல், மாநிலம் மாநிலமாகவோ தொகுதி தொகுதியாகவோ வெற்றியைத் தீர்மானிக்கும் தேர்தல்களில், அந்தந்தப் பகுதியின் கருத்துக்கணிப்புகளைத் தனித்தனியே ஆராய்ந்து, பிறகு கூட்டி, இறுதி முடிவை முன்கூட்டியே சொல்லும் முறை. அமெரிக்க அதிபர் தேர்தலில் இது பெயர்பெற்றது. அங்கே 538 தேர்வாளர் வாக்குகளில் 270 பெறுபவரே அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா நீங்கலாக மற்ற மாநிலங்களில் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர் வாக்குகள் எல்லாம் போய்ச் சேரும். ஆகவே நாடு தழுவிய ஆதரவு எத்தனை சதவீதம் என்பது மட்டும் தெரிந்தால் போதாது. அது எந்தெந்த மாநிலத்தில் எவ்வளவு என்றும் தெரிய வேண்டும். 2000-ஆம் ஆண்டு அல் கோர் நாடு முழுவதிலும் கூடுதல் வாக்குகள் பெற்றும் தோற்றார். புளோரிடாவில் 537 வாக்குகள் முந்திய ஜார்ஜ் புஷ் அதிபரானார்.

இம்முறையின் மிகப் பெரிய பாடம் 1936-லேயே கிடைத்துவிட்டது. ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற இதழ் சுமார் ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. திரும்பி வந்தவை 20 லட்சத்துக்கும் மேல். அவற்றை மாநிலவாரியாகக் கூட்டி, ஆல்பிரட் லாண்டன் 370 தேர்வாளர் வாக்குகளுடன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 523 பெற்றார். லாண்டனுக்குக் கிடைத்தவை 8. தொலைபேசி வைத்திருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்கள் போன்றோரின் பட்டியல்களிலிருந்தே பெயர்களில் பெரும்பகுதியை எடுத்திருந்தார்கள். பொருளாதார மந்தநிலையின் நடுவில் ஏழைகள் யாருக்கு வாக்களிக்கப்போகிறார்கள் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. பதில் எழுதி அனுப்பியவர்களிலும் ஆட்சியை வெறுத்தவர்களே மிகுதி. அதே தேர்தலில் மிகச் சிறிய மாதிரியைக் கொண்டு ரூஸ்வெல்டின் வெற்றியைச் சரியாகச் சொன்னவர் ஜார்ஜ் கேலப். எத்தனை பேரைக் கேட்டோம் என்பதைவிட யாரைக் கேட்காமல் விட்டோம் என்பது முக்கியம் என்று அன்றே தெளிவானது.

பல நிறுவனங்களின் மாநிலக் கணிப்புகளைத் திரட்டிச் சராசரி காணும் பழக்கம் 2004-இல் பரவியது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நரம்பியல் அறிஞர் சாம் வாங், கணினி அறிஞர் ஆண்ட்ரூ டானன்பாம் ஆகியோர் அப்போது இதில் இறங்கினர். 2008-இல் நேட் சில்வர் 50 மாநிலங்களில் 49-ஐயும் 2012-இல் ஐம்பதையும் சரியாகச் சொன்னபோது, கணிப்பு ஏறக்குறைய அறிவியலாகிவிட்டது என்ற நம்பிக்கை பரவியது. 2016 அந்த நம்பிக்கையைக் குலைத்தது. பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் ஆகிய மூன்றிலும் ஹிலாரி கிளின்டன் முன்னிலையில் இருப்பதாகக் கணிப்புகளின் சராசரி காட்டியது. மூன்றையும் டிரம்ப் வென்றார். மூன்றிலும் சேர்த்து வாக்கு வித்தியாசம் 80 ஆயிரத்துக்கும் குறைவு. ஒரு மாநிலத்தில் பிழை மேலே போனால் இன்னொன்றில் கீழே வரும், கூட்டினால் சரியாகிவிடும் என்று சிலர் கருதியிருந்தார்கள். அப்படி நடக்கவில்லை. கல்லூரிப் படிப்பில்லாத வெள்ளையர்கள் மூன்று மாநிலக் கணிப்புகளிலும் குறைவாகவே இடம்பெற்றிருந்தார்கள். அதனால் பிழை மூன்றிலும் ஒரே பக்கம் சாய்ந்தது. கணிப்பாளர்கள் மறக்கக் கூடாத உண்மை இது: விடுபடுகிறவர்கள் சிதறி விடுபடுவதில்லை, கூட்டமாகவே விடுபடுகிறார்கள்.

இலங்கையில் அதிபரை நாடு முழுவதும் ஒரே தொகுதியாக எண்ணித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனாலும் ஒரு மாவட்டம் முடிவை மாற்ற முடியும் என்பதை 2005 நவம்பர் 17 காட்டியது. விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பால் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் ஒன்றரை சதவீதத்தைக்கூட எட்டவில்லை. மகிந்த ராஜபக்ச ரணில் விக்கிரமசிங்கவை வென்றது சுமார் 1.8 லட்சம் வாக்குகளில். யாருக்கு ஆதரவு என்ற கேள்விக்கு எவ்வளவு சரியான விடை கிடைத்திருந்தாலும், யார் சாவடிக்கு வருவார்கள் என்று தெரியாத கணிப்பு அந்தத் தேர்தலில் தவறியே இருக்கும்.

இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலும் மாநிலவாரிக் கணக்கில்தான் நடக்கிறது. ஆனால் வாக்களிப்பவர்கள் மக்கள் அல்லர், எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும். ஒரு எம்.எல்.ஏ. வாக்கின் மதிப்பு 1971 மக்கள்தொகையைச் சட்டமன்ற இடங்களால் வகுத்து, மீண்டும் ஆயிரத்தால் வகுத்துக் கிடைப்பது. தமிழ்நாட்டில் அது 176. 234 பேருக்கும் சேர்த்து 41,184. எந்தச் சட்டமன்றத்தில் எந்தக் கட்சிக்கு எத்தனை பேர் என்பது ஊரறிந்த கணக்கு. எனவே இங்கே கருத்துக்கணிப்புக்கு வேலையில்லை, கூட்டல் போதும். அந்தக் கூட்டல் நிச்சயமற்றுப்போன ஆண்டு 1969. காங்கிரஸ் வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்று இந்திரா காந்தி கேட்டுக்கொண்டார். திமுகவும் ஆதரித்த வி.வி.கிரி, இரண்டாம் விருப்ப வாக்குகளும் எண்ணப்பட்ட பிறகு வென்றார்.

மக்களிடம் கேட்டுச் சொல்லும் கணிப்பு இந்தியாவில் 1950களில் தொடங்கியது. மாதிரி ஆய்வுக்கு வேண்டிய அடிப்படையை மகலனோபிசின் இந்தியப் புள்ளியியல் கழகம் ஏற்கெனவே போட்டிருந்தது. எரிக் டா கோஸ்தாவின் இந்தியப் பொதுக்கருத்துக் கழகம் தேர்தல் ஆய்வுகளைத் தொடங்கியது. ரஜனி கோத்தாரி 1963-இல் டெல்லியில் நிறுவிய வளரும் சமூகங்கள் ஆய்வு மையம் 1967 முதல் தேசியத் தேர்தல் ஆய்வுகளை நடத்தியது. வாக்கை இடமாக மாற்றும் கணக்கில் திருப்பம் ஏற்படுத்தியவர்கள் பிரணாய் ராய், அசோக் லாகிரி, பிரிட்டனின் டேவிட் பட்லர் மூவரும். 1980களில் அவர்கள் இரண்டு அளவுகோல்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்று வாக்கு நகர்வு: போன தேர்தலில் இருந்து இந்தத் தேர்தலுக்குக் கட்சி விட்டுக் கட்சி எத்தனை சதவீதம் மாறியது. மற்றொன்று எதிர்க்கட்சி ஒற்றுமைக் குறியீடு: எதிர்ப்பு வாக்குகளில் எத்தனை சதவீதம் ஒரே பெரிய கட்சியிடம் திரண்டது. பல முனைப் போட்டி நடக்கும் நாட்டில் இரண்டாவது அளவு இல்லாமல் முதலாவது பயன்படாது.

இன்று பரவலாகப் பேசப்படும் கணக்குமுறையை வகுத்தவர்களில் ராஜீவ கரந்திகர் முக்கியமானவர். சென்னையை அடுத்த சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தின் இயக்குநராக இருந்தவர். 543 தொகுதிகளிலும் தனித்தனியே போதுமான பேரைக் கேட்கப் பணமும் நேரமும் யாரிடமும் இல்லை. ஆகவே மாநில அளவில் வாக்கு நகர்வைக் கண்டு, அதை ஒவ்வொரு தொகுதியின் பழைய முடிவோடும் கூட்ட வேண்டும். கூட்டியபின் ஒரு கட்சி முன்னால் நின்றாலும் அந்தத் தொகுதியை முழுவதுமாக அதன் கணக்கில் எழுதிவிடக் கூடாது. வித்தியாசம் சிறிதானால் பாதிக்குச் சற்றுமேல், பெரிதானால் ஏறக்குறைய முழுவதும் என்று வெற்றி வாய்ப்பாக எழுத வேண்டும். வாய்ப்புகளைக் கூட்டினால் இடங்களின் எண்ணிக்கை வரும். எளிமையும் நேர்மையும் கொண்ட முறை இது. தன் சந்தேகத்தைக் கணக்குக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது.

தமிழ்நாடு இம்முறைக்குக் கடினமான களம். வாக்குக்கும் இடத்துக்கும் இங்கே உறவு மிகக் கோணலாக இருக்கும். 2014 மக்களவைத் தேர்தலில் அதிமுக ஏறத்தாழ 44 சதவீத வாக்குகளில் 39-இல் 37 இடங்களை எடுத்தது. ஏறத்தாழ 24 சதவீதம் பெற்ற திமுகவுக்கு ஓர் இடமும் இல்லை. மேலும், பழைய முடிவோடு நகர்வைக் கூட்டுவதற்குப் பழைய அணி இருக்க வேண்டுமே! வட மாவட்டங்களில் செல்வாக்குள்ள பாமக 2016-இல் தனித்து நின்றது, 2019-லும் 2021-லும் அதிமுகவுடன் இருந்தது, 2024-இல் பாஜகவுடன் சேர்ந்தது. திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கத் தொகுதிகளில் ஒவ்வொரு தேர்தலுக்கும் அடிப்படையைப் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது.

2016 சட்டமன்றத் தேர்தல் இதற்கு நல்ல சான்று. ஆக்சிஸ் மை இந்தியா திமுக அணிக்கு 124 முதல் 140 இடங்கள் என்றது. சி-வோட்டர் அதிமுகவுக்கு 139 என்றது. வாக்குப்பதிவு நடந்த 232 இடங்களில் அதிமுக 134, திமுக அணி 98. இரு அணிகளுக்கும் இடையே வாக்கு வித்தியாசம் ஏறத்தாழ ஒரு சதவீதப் புள்ளிதான். சரியாகத் தேர்ந்த 4,000 பேரைக் கேட்டாலும் ஒரு கட்சியின் ஆதரவு ஒன்றரைப் புள்ளி ஏறலாம், இறங்கலாம். இரு கட்சிகளின் இடைவெளியில் பிழை ஏறக்குறைய இரு மடங்காகும். அந்தத் தேர்தலில் யார் வெல்வார் என்பதை எந்த மாதிரியும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. இரண்டு நிறுவனங்களில் ஒன்று அறிவுக்கூர்மையால் வென்றது, மற்றொன்று அறியாமையால் தோற்றது என்று தீர்ப்பெழுதுவது நியாயமாகாது. 2021-இல் திமுக அணி வெல்லும் என்று பெரும்பாலோர் சரியாகவே சொன்னார்கள். ஆனால் ஆக்சிஸ் மை இந்தியா 175 முதல் 195 வரை சொன்ன இடத்தில் கிடைத்தது 159. 2024-இல் பாஜக அணிக்குத் தமிழ்நாட்டில் சில இடங்கள் உண்டு என்று பல எக்ஸிட் போல்கள் கூறின. 39-ம் திமுக அணிக்கே போயின.

சட்டம் இதில் மெல்லவே நுழைந்தது. கணிப்புகளை வெளியிட 1998-இல் தேர்தல் ஆணையம் விதித்த தடை, சட்ட ஆதாரம் இல்லாததால் 1999-இல் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 2009-இல் சேர்க்கப்பட்ட 126ஏ பிரிவின்படி, முதல் கட்ட வாக்குப்பதிவு தொடங்கியதிலிருந்து கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் வரை எக்ஸிட் போல் வெளியிடக் கூடாது. மீறினால் இரண்டாண்டு வரை சிறை. ஏப்ரலில் வாக்களித்த தமிழ்நாட்டின் கணிப்பு, வடக்கே கடைசிக் கட்டம் முடியும்வரை வாரக்கணக்கில் பூட்டி வைக்கப்படுவது இதனால்தான்.

கணிப்பின் அலகான தொகுதிக்குள் அடங்காத நிலப்பகுதிக்கு ஜவ்வாது மலையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் கிடைப்பது கடினம். பட்டியல் பழங்குடியினரான மலையாளி மக்கள் பெரும்பான்மையாக வாழும் இம்மலை, மூன்று மாவட்டங்களுக்கிடையே பிரிந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூர்ப் பகுதி கலசபாக்கம் சட்டமன்றத் தொகுதியில் சேர்கிறது. பீஞ்சமந்தைப் பக்கம் அணைக்கட்டு, புதூர்நாடு திருப்பத்தூர், ஆலங்காயத்தை ஒட்டிய பக்கம் வாணியம்பாடி. எல்லாத் தொகுதியிலும் சமவெளி வாக்காளர்களே மிகுதி. மாநிலத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட இரு சட்டமன்றத் தொகுதிகள் ஏற்காடும் சேந்தமங்கலமும். ஜவ்வாது மலைக்கு அப்படி ஒன்று இல்லை. 2016-இல் கலசபாக்கமும் வாணியம்பாடியும் அதிமுகவுக்கும், அணைக்கட்டும் திருப்பத்தூரும் திமுகவுக்கும் போயின. 2021-இல் வாணியம்பாடி மட்டும் அதிமுகவிடம் நின்றது. மலை எந்தப் பக்கம் சாய்ந்தது என்ற கேள்விக்குத் தொகுதி முடிவுகளில் விடை இல்லை.

மாதிரிக் கணக்கிலும் மலை நழுவுகிறது. லோக்நிதி போன்ற தேர்தல் ஆய்வு அமைப்புகள் முதலில் தொகுதிகளை, பிறகு வாக்குச்சாவடிகளை, பிறகு வாக்காளர் பட்டியலில் பெயர்களைக் குலுக்கல் முறையில் எடுத்து வீடு தேடிப் போகின்றன. தேர்தல் கணிப்புகளில் இருக்கும் நல்ல வழி அதுதான். ஆனாலும் 2021-இல் தமிழ்நாட்டில் 88 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள். ஒரு மாநில ஆய்வில் எடுக்கப்படுபவை சில நூறுதான். மலைச் சாவடி ஒன்று குலுக்கலில் வந்தால் அது தற்செயல். தொலைபேசிவழிக் கணிப்பில் சிக்னல் எட்டாத சிற்றூர் அந்த அளவுக்குக்கூட வராது. கூலி வேலைக்குப் பிற மாநிலத் தோட்டங்களுக்குப் போயிருப்பவரை வீட்டில் தேடினாலும் கிடைக்கமாட்டார். சாமை விளைவிப்பவரும் புளி, தேன் சேகரிப்பவரும் என்ன நினைக்கிறார்கள் என்பதைச் சமவெளியில் கேட்ட பதில்களிலிருந்து ஊகித்துக்கொள்கிறார்கள். 1936-இல் தொலைபேசி இல்லாத அமெரிக்கருக்கு நேர்ந்த புறக்கணிப்பு இதுவே. தொகையில் சிறியது என்பதால் மாநில முடிவு இதனால் கெடுவதில்லை. மலை மக்களின் கருத்து சரியாகப் பதிவாகாமல் போவது மட்டும் தேர்தலுக்குத் தேர்தல் நடக்கிறது.

2019-இல் மலை நாளாலும் பிரிந்தது. மக்களவைக்குக் கலசபாக்கமும் திருப்பத்தூரும் திருவண்ணாமலையில் சேர்ந்தவை. அணைக்கட்டும் வாணியம்பாடியும் வேலூரில். பெருந்தொகைப் பணம் பிடிபட்டதையடுத்து ஏப்ரல் 16 அன்று வேலூர்த் தேர்தல் ரத்தானது. இரண்டு நாள் கழித்து ஜமுனாமரத்தூர் வாக்களித்தது, பீஞ்சமந்தை வாக்களிக்கவில்லை. மே 19 அன்று தொலைக்காட்சிகள் 542 இடங்களுக்குக் கணிப்பு வெளியிட்டபோது மலையின் ஒரு பகுதி அந்தக் கணக்கிலேயே இல்லை. ஆகஸ்ட் 5 அன்று, மத்தியில் ஆட்சி அமைந்த பிறகு அந்தப் பகுதி வாக்களித்தது. திமுகவின் கதிர் ஆனந்த் 8,141 வாக்குகளில் வென்றார். இத்தனை நெருக்கமான போட்டியில் மலைச் சாவடிகளின் வாக்கு ஒவ்வொன்றும் கணக்கில் நின்றது.

ஒவ்வொரு சாவடியிலும் யாருக்கு எத்தனை வாக்கு என்ற விவரம் எண்ணிக்கைக்குப் பின் தேர்தல் நடத்தும் அலுவலர் தயாரிக்கும் படிவம் 20-இல் பதிவாகிறது. ஜவ்வாது மலையின் வாக்கை அறிய விரும்புகிறவர் கலசபாக்கம், அணைக்கட்டு, திருப்பத்தூர், வாணியம்பாடி ஆகிய தொகுதிகளின் படிவங்களைத் தனித்தனியே எடுத்து, மலைச் சாவடிகளைப் பிரித்தெடுத்துத் தானே கூட்ட வேண்டும். அடுத்த கணிப்புக்கு மலைக்கென ஓர் அடிப்படை வேண்டுமானால் அதற்கான எண்கள் அந்தப் படிவங்களில் இருக்கின்றன.