மில்லமன்ட்டின் நிபந்தனைகளும் ஒரு கருப்புப் பெட்டியும்

பழைய நகைச்சுவை நாடகங்களைப் படிக்கும்போது எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நோட்டில் ஒரு பக்கத்தில் யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்று எழுதுவேன். எதிர்ப் பக்கத்தில் யார் பேரில் என்ன சொத்து இருக்கிறது என்று எழுதுவேன். பொதுவாகக் காதல் பக்கம்தான் சீக்கிரம் நிரம்பும். வில்லியம் காங்கிரீவ் எழுதிய ‘தி வே ஆஃப் தி வேர்ல்ட்’ நாடகத்துக்கு மட்டும் நேர்மாறாக ஆச்சு. சொத்துப் பக்கம் நிரம்பி அடுத்த தாளுக்குப் போயிடுச்சு.

தலைப்பைத் தமிழில் ‘உலக வழக்கம்’ என்று சொல்லலாம். 1700 மார்ச்சில் லண்டன் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. ஆணும் பெண்ணும் சரிக்குச் சமமாக நின்று தங்கள் கல்யாணத்தைத் தாங்களே பேசி முடிக்கிற காட்சிக்கு ஆங்கில நாடகத்தில் உதாரணம் கேட்டால், இதன் நாலாவது அங்கத்தைத்தான் காட்டுவார்கள். நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். சொத்துப் பக்கத்தை எழுதி முடித்த பிறகு அந்த ‘சரிக்குச் சமம்’ மேல் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம்தான் இந்தக் குறிப்பு.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிடறேன். மிராபெல் என்ற இளைஞனுக்கு மில்லமன்ட் மேல் காதல். அவள் அழகி, வாய்த்துடுக்குக்காரி, பணக்காரி. ஆனால் அவள் பணத்தில் பாதி, 6000 பவுண்டு, அத்தை லேடி விஷ்ஃபோர்ட் கையில் இருக்கிறது. அத்தை சம்மதித்துக் கல்யாணம் நடந்தால்தான் அது கிடைக்கும். அத்தைக்கோ மிராபெல் பேரைக் கேட்டாலே ஆகாது. மருமகள் மேல் உள்ள காதலை மறைக்க, அவன் கொஞ்ச நாள் அத்தையையே காதலிப்பதுபோல நடித்தவன். 55 வயது விதவையிடம் இப்படி விளையாடினால் எப்படி மன்னிப்பாள்?

லேடி விஷ்ஃபோர்ட்டுக்கு ஒரு மகள். அவள் கணவன் பெயர் ஃபெய்னால். இவள் முன்பே ஒரு முறை கல்யாணமாகி விதவையானவள். விதவையாக இருந்தபோது மிராபெல்லோடு தொடர்பு இருந்தது. வயிற்றில் பிள்ளை தங்கியிருக்குமோ என்ற பயத்தில் அவசரமாக ஃபெய்னாலைக் கட்டிக்கொண்டாள். அவன் கட்டிக்கொண்டது அவள் பணத்துக்காக. அந்தப் பணம் மார்வுட் என்ற இன்னொருத்திக்குப் போகிறது.

இப்போது அந்தக் காட்சிக்கு வருவோம். மிராபெல் கல்யாணப் பேச்சை எடுக்கிறான். மில்லமன்ட் நிபந்தனைகளை அடுக்குகிறாள். செல்லமே, கண்ணே, அன்பே என்றெல்லாம் கூப்பிடக் கூடாது. நாலு பேர் முன்னால் கொஞ்சக் கூடாது. கல்யாணமான முதல் ஞாயிற்றுக்கிழமை புது வண்டியில் ஜோடியாக ஹைட் பார்க்கைச் சுற்றிவிட்டு, அப்புறம் ஒன்றாக வெளியே தலைகாட்டாமலே போகிற தம்பதிகளைப் போல ஆகக் கூடாது. அவள் யார் வீட்டுக்கும் போகலாம், யாருக்கும் கடிதம் எழுதலாம், யாரிடமிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. பிடித்த உடையைப் போட்டுக்கொள்வாள். அவனுடைய நண்பர்கள், சொந்தக்காரர்கள் என்பதற்காகப் பிடிக்காதவர்களிடம் பேச மாட்டாள். மனசு சரியில்லாத நாளில் தன் அறையிலேயே சாப்பிடுவாள். தேநீர் மேசைக்கு அவள்தான் ராணி. அவள் எந்த அறையில் இருந்தாலும் அவன் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

கடைசி நிபந்தனையில் எனக்குக் கொஞ்ச நேரம் மேலே படிக்க ஓடலை. கட்டிய மனைவி கணவனிடம், கதவைத் தட்டிட்டு வா என்கிறாள். இத்தனையும் நிறைவேறினால், கொஞ்சம் கொஞ்சமாக மனைவி என்ற அளவுக்குச் சுருங்க முயல்வதாகவும் சொல்கிறாள். சபை சிரித்திருக்கும். அவள் ‘சுருங்குவது’ என்று சொன்னதைக் கவனியுங்க. கல்யாணத்தில் தனக்கு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்தது மிராபெல்லின் முறை. ரகசியம் பேச நெருங்கிய தோழி வைத்துக்கொள்ளக் கூடாது. முகத்தில் பன்றி எலும்பு, முயல் பித்தம் என்று கண்டதையும் பூசக் கூடாது. கர்ப்பமாக இருக்கும்போது இடுப்பை இறுக்கிக் கட்டக் கூடாது, பிறக்கப்போகும் மகனின் தலை சர்க்கரைக் கூம்புபோல நீண்டுவிடும். (மகன்தான் என்று அவனே முடிவு பண்ணிட்டான்.) தேநீர் மேசை அவளுடைய ராஜ்ஜியம்தான், ஒத்துக்கொள்கிறான். ஆனால் அங்கே தேநீர், காபி, சாக்லேட் மட்டும்தான். ஆரஞ்சு பிராந்தி, சோம்புச் சாராயம் போன்றவை எல்லை தாண்டி வரக் கூடாது.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வித்தியாசம் தெரியும். அவள் கேட்பவை எல்லாம் தன் நேரம், தன் அறை, தன் கடிதம் பற்றியவை, என்னை விட்டுவிடு என்ற வகை. அவன் கேட்பவையும் பெரும்பாலும் அவளைப் பற்றியவைதான்: அவள் முகம், அவள் வயிறு, அவள் தோழிகள், அவள் குடிக்கும் பானம். கணவன் நடத்தைக்கு அவன் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. இத்தனைக்கும் அந்தக் கால மேடைக் கணவர்களில் மிராபெல் ரொம்ப நல்லவன்.

இது காங்கிரீவ் கண்டுபிடித்த உத்தியும் இல்லை. காதலர்கள் நிபந்தனை போட்டு விளையாடும் காட்சி 1667-லேயே டிரைடனின் ‘சீக்ரெட் லவ்’ நாடகத்தில் வந்துவிட்டது. அதில் நடித்தவர் நெல் குவின். காங்கிரீவ் செய்தது, இந்த விளையாட்டுக்குப் பக்கத்தில் சட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தியதுதான்.

சட்டம் என்ன சொன்னது?

அன்றைய ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் கல்யாணமான பெண் தனி ஆளே கிடையாது. இந்த நிலைக்குக் ‘கவர்ச்சர்’ என்று பெயர். மனைவி கணவன் என்ற போர்வைக்குள் போய்விடுகிறாள் என்று பொருள். அவளுடைய ரொக்கம், நகை, சாமான் எல்லாம் அவனுடையது. நிலத்தின் வருமானமும் நிர்வாகமும் அவனிடம். அவள் தன் பேரில் ஒப்பந்தம் போட முடியாது, வழக்குத் தொடுக்க முடியாது. கணவனும் மனைவியும் ஒரே ஆள் என்பதால், கல்யாணத்துக்கு முன் அவர்கள் தங்களுக்குள் போட்ட ஒப்பந்தமும் பொதுவாகக் கல்யாணத்தோடு செத்துப்போகும். தனக்குத் தானே யாரும் கடன்பட முடியாதே!

இப்போ அந்த நிபந்தனைகளை மறுபடி யோசிச்சுப் பாருங்க. மில்லமன்ட் சட்டம் தெரிந்தவள்போலப் பேசுகிறாள். மிராபெல்லும் வக்கீல் குமாஸ்தா பத்திரம் வாசிப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொல்கிறான். பேசி முடித்ததும் அங்கே வருகிற மிஸஸ் ஃபெய்னாலை இந்த ஒப்பந்தத்துக்குச் சாட்சி என்கிறான். ஆனால் எழுத்தில் எதுவும் இல்லை. எழுதியிருந்தாலும் கல்யாணத்தன்றே அது செல்லாக் காகிதம். கதவைத் தட்டுவதும் தட்டாததும் மிராபெல்லின் நல்ல மனசைப் பொறுத்தது.

சாட்சியாக நின்றவள் கையில் என்ன இருந்தது என்பது ஐந்தாம் அங்கத்தில் தெரிகிறது. ஃபெய்னால் தன் மனைவியின் பழைய தொடர்பைச் சொல்லி மாமியாரை மிரட்டுகிறான். ஊரெல்லாம் சொல்லி மானத்தை வாங்காமல் இருக்க மூன்று கோரிக்கை. லேடி விஷ்ஃபோர்ட் அவன் சம்மதமில்லாமல் மறுமணம் செய்யக் கூடாது. மகள் பேரில் மிச்சமிருக்கும் சொத்தை அவனுக்கு எழுதிக் கொடுக்கணும். மில்லமன்ட்டின் 6000 பவுண்டும் அவனிடம் வரணும்.

அந்த நேரத்தில் ஒரு கருப்புப் பெட்டி மேடைக்கு வருகிறது. உள்ளே ஒரு தோல் பத்திரம். மிஸஸ் ஃபெய்னால் விதவையாக இருந்தபோதே, ஃபெய்னாலைக் கட்டிக்கொள்ளும் முன், தன் நிலபுலன் முழுவதையும் டிரஸ்டாக மிராபெல் பேரில் எழுதி வைத்திருக்கிறாள். ஃபெய்னாலின் பத்திரத்தைவிட இதன் தேதி பழையது. என்ன ஏதென்று தெரியாமலே சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு வெட்டி மைனர்கள் அங்கேயே நிற்கிறார்கள். ஃபெய்னால் வாளை உருவிக்கொண்டு மனைவி மேல் பாய்கிறான். நாடகத்தின் தலைப்பைத் தன் அயோக்கியத்தனத்துக்குச் சமாதானமாகச் சொல்லிக்கொண்டவன் அவன். மிராபெல் அதே வார்த்தையைத் திருப்பிப் போட்டு, இது விதவைகளின் உலக வழக்கம் என்கிற மாதிரி பதில் கொடுக்கிறான்.

விதவை என்பதுதான் இங்கே சாவி. கவர்ச்சர் மனைவியைத்தான் மூடும். வயது வந்த கன்னிப்பெண்ணும் விதவையும் தங்கள் பேரில் கையெழுத்துப் போடலாம். சான்சரி நீதிமன்றம் டிரஸ்டுகளை மதித்ததால், கல்யாணத்துக்கு முன் மூன்றாம் ஆள் பேரில் எழுதி வைத்த சொத்தைக் கணவன் தொட முடியாமல் செய்யலாம். ஒரு கல்யாணம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கிடைத்த இடைவெளியை மிஸஸ் ஃபெய்னால் சரியாகப் பயன்படுத்திக்கொண்டாள்.

லேடி விஷ்ஃபோர்ட்டைப் பார்த்துச் சபை ஏன் அவ்வளவு சிரித்தது என்பதற்கும் இங்கே ஒரு காரணம் கிடைக்கிறது. முகப்பூச்சும் கல்யாண ஆசையுமாக அலையும் கிழவி என்று நாடகம் அவளைக் கேலி செய்கிறது. ஆனால் அந்த வீட்டில் சட்டப்படி முழு அதிகாரம் உள்ள பெண் அவள்தான். ஃபெய்னால் மாமியாருக்குப் போட்ட தடை மறுமணத்துக்குத்தான் என்பதைப் பாருங்க. அவள் காலத்துக்குப் பிறகு வரவேண்டிய சொத்து வேறு எவன் கைக்காவது போய்விடக் கூடாதே.

மேடையில் நின்றவள்

மில்லமன்ட்டாக நடித்தவர் ஆன் பிரேஸ்கர்டில். இங்கிலாந்துப் பொது அரங்கில் பெண்கள் நடிக்க ஆரம்பித்தே அப்போது 40 வருஷம்தான் ஆகியிருந்தது. 1660-க்கு முன் பெண் வேடங்களைப் பையன்கள் போட்டார்கள். 1692 டிசம்பரில் ரிச்சர்ட் ஹில் என்ற ராணுவ கேப்டன், தன்னை மறுத்த பிரேஸ்கர்டிலைக் கடத்த முயன்றான். ஆயுதமேந்திய ஆட்களோடு காத்திருந்து, லண்டன் தெருவில் அவரை வண்டிக்குள் இழுத்துப் போட்டுக் கொண்டுபோகப் பார்த்தான். அம்மாவும் உடனிருந்தவர்களும் விடவில்லை. அதே இரவு, அவருடைய காதலன் என்று தானாக நினைத்துக்கொண்டு, சக நடிகர் வில்லியம் மவுன்ட்ஃபோர்ட்டைக் குத்தினான். மவுன்ட்ஃபோர்ட் மறுநாள் இறந்தார். ஹில் தப்பி ஓடினான். கூட இருந்த மோஹுன் பிரபுவைப் பிரபுக்கள் சபை விசாரித்து 1693-ல் விடுதலை செய்தது.

ஏழு வருஷம் கழித்து அதே பெண் மேடையில் நின்று, என் அறைக்குக் கதவைத் தட்டிவிட்டு வா என்று ஒரு ஆணிடம் சொல்கிறார். சபையில் இருந்த பலருக்கு அந்த வழக்கு தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. 1695-ல் பழைய கம்பெனியை விட்டு வெளியேறி லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் புதுக் கம்பெனி தொடங்கிய நடிகர்களில் தாமஸ் பெட்டர்டனோடு எலிசபெத் பாரியும் பிரேஸ்கர்டிலும் பங்குதாரர்கள். பாரியும் பிரேஸ்கர்டிலும் கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள், அதனால் தங்கள் வருமானத்துக்குத் தாங்களே சொந்தக்காரர்கள். மில்லமன்ட் இழக்கப்போகும் கையெழுத்து, அவள் வேடம் போட்டவரிடம் கடைசிவரை இருந்தது.

அதே 1700-ல் மேரி ஆஸ்டெல் கல்யாணம் பற்றிய தன் சிந்தனைகளைப் புத்தகமாக வெளியிட்டார். நாட்டில் அரசனுக்கு வரம்பில்லாத அதிகாரம் தேவையில்லை என்றால், வீட்டில் கணவனுக்கு மட்டும் அது எதற்கு என்பது அந்தப் புத்தகத்தின் 1706 பதிப்பு முன்னுரையில் அவர் எழுப்பிய கேள்வி. 1688-ல் அரசனை விரட்டி, புது அரசனுக்கு நிபந்தனை போட்ட தலைமுறை அது. மில்லமன்ட் சிரித்துக்கொண்டே கேட்டதை ஆஸ்டெல் சிரிக்காமல் கேட்டார்.

நாடகம் சுபமாக முடிகிறது என்கிறார்கள். மில்லமன்ட்டுக்கு மிராபெல் கிடைக்கிறான், பணமும் கிடைக்கிறது. மிஸஸ் ஃபெய்னாலுக்குப் பத்திரம் திரும்பக் கிடைக்கிறது, ஆனால் வாளோடு பாய்ந்த அந்த ஆள்தான் இன்னும் அவள் கணவன். மறுமணம் செய்ய வழிவிடும் விவாகரத்துக்கு 1857 வரை நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. மனைவி தன் சொத்தைத் தன் பேரிலேயே வைத்துக்கொள்ள முழு உரிமை தந்த சட்டம் 1882-ல்தான் வந்தது.

படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. முதல் தடவை வரிசையாகப் படிச்சுடுங்க. இரண்டாம் தடவை, ஐந்தாம் அங்கத்துக் கருப்புப் பெட்டியைப் பார்த்துவிட்டு நாலாம் அங்கத்துக்கு வாங்க. மில்லமன்ட்டுக்கு அப்படி ஒரு பெட்டி உண்டு என்று நாடகம் எங்கேயும் சொல்வதில்லை. அது தெரிந்து படிக்கும்போது, அந்த அறைக் கதவு தட்டப்படுமா என்ற கேள்வி புத்தகத்தை மூடிய பிறகும் விடுவதாயில்லை.