பெட்ரோலை நேரத்தால் அளந்த கதை

கார் எந்திரத்திற்கு வேண்டிய பெட்ரோலை எவ்வாறு அளந்து கொடுப்பது? நெடுங்காலம் இவ்வேலையைக் கார்புரேட்டரே செய்துவந்தது. குறுகிய குழல் வழியே காற்று விரையும்போது அங்கு அழுத்தம் குறைகிறது. அக்குறைவு பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. பெர்னூலி தத்துவத்தைப் படித்த மாணவர்களுக்கு இது புதிதன்று. எளிய கருவிதான், ஆனால் எல்லா வேகத்திலும் அளவு துல்லியமாக இராது.

அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 1957-இல் வேறொரு வழியை அறிவித்தது. பெட்ரோலை மாறாத அழுத்தத்தில் வைத்து, மாறாத துளை வழியே பீச்சினால், ஒரு செகண்டில் வெளிப்படும் அளவும் மாறாது. அப்படியானால் அளப்பதற்குத் தனிக் கருவி எதற்கு? துளை எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதே அளவாகிவிடும்! திறந்து மூடும் பணியை ஒரு சிறு மின்காந்தம் ஏற்றது. 'எலெக்ட்ரோஜெக்டர்' எனப்பட்ட இந்த அமைப்பைக் கிரைஸ்லர் நிறுவனம் தன் 1958-ஆம் ஆண்டு மாதிரிகளில் பொருத்தியது. சுமார் 35 கார்களே வெளிவந்தன. அன்றைய மின்னணு உறுப்புகள் எந்திரத்தின் வெப்பத்தைத் தாங்கவில்லை. அக்கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னர் கார்புரேட்டரே மாட்டப்பட்டது. கருத்தில் குறையில்லை, அதைச் சுமக்கும் உறுப்புகள்தாம் அன்று பிறக்கவில்லை என்பேன்.

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் பெண்டிக்ஸின் காப்புரிமைகளைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்று, 1967-இல் 'டி-ஜெட்ரானிக்' அமைப்பை வெளியிட்டது. எந்திரம் காற்றை உறிஞ்சும் குழாயின் அழுத்தத்தை அளந்து, அதற்கேற்பத் திறப்பு நேரத்தை அது முடிவு செய்தது. அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட ஃபோக்ஸ்வாகன் 1600 அதை முதலில் பெற்றது. அந்நாடு முழுவதும் 1968 மாதிரிகள் முதல் புகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்ததே தூண்டுகோல்.

இனி ஒரு கணக்கு. நான்கு வீச்சு எந்திரத்தில் ஒரு சுழற்சி முடிய அச்சு இருமுறை சுற்ற வேண்டும். நிமிடத்திற்கு 600 சுற்று ஓடினால் இதற்கு 200 மில்லி செகண்டு கிடைக்கும். 6000 சுற்றில் 20 மட்டுமே. சுழற்சிக்கு ஒருமுறை திறக்கும் இஞ்செக்டர் 16 மில்லி செகண்டு திறந்திருந்தால் அது 80 சதவீதம். இதை 'டியூட்டி சைக்கிள்' என்பர். திறப்பு நேரத்தை மில்லி செகண்டில் எடுத்து, சுற்று எண்ணால் பெருக்கி, 1200-ஆல் வகுத்தால் சதவீதம் வந்துவிடும். அதே 16 மில்லி செகண்டு 7000 சுற்றில் 93 சதவீதமாகிறது.

நூறு வரை போனால் என்ன? கம்பிச்சுருளில் மின்னோட்டம் உடனே ஏறிவிடாது. ஊசி எழவே ஏறத்தாழ ஒரு மில்லி செகண்டு பிடிக்கிறது. மூடவும் சற்று நேரம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஊசி மூடுமுன் அடுத்த ஆணை வந்துவிடும். நேரத்துக்கும் அளவுக்கும் உள்ள நேர்விகிதம் குலையும். முழுத் திறப்புக்கு மேல் எந்திரம் கேட்டாலும் கொடுக்க வழியில்லை. முழுச்சுமையில் கலவையில் பெட்ரோல் குறைந்தால் தட்டொலி எழும். பிஸ்டன் உருகவும் கூடும். ஆகவே 80 அல்லது 85 சதவீதத்தில் நிறுத்திக்கொள்வது தொழில் வழக்கம்.

பெரிய இஞ்செக்டரைப் போட்டுவிடலாமே எனத் தோன்றும். பந்தயக் கார்களில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் வண்டி நின்றபடி எந்திரம் மெல்ல ஓடும்போது திறப்பு நேரம் மிகவும் சுருங்கி, ஊசி எழும் நேரத்தை நெருங்கிவிடுகிறது. அங்கே அளவு தடுமாறும்.

இந்தியாவில் 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதிகள் வந்தபின் மோட்டார் சைக்கிள்களிலும் கார்புரேட்டரின் இடத்தை இஞ்செக்டர் பிடித்தது. 9000 சுற்றைத் தொடும் மோட்டார் சைக்கிள் எந்திரத்தில், ஒரு சுழற்சிக்கு அதற்குக் கிடைப்பது 13 மில்லி செகண்டு சொச்சம்.