பக்கெட்டில் இருந்த கணக்கு

ஆஸ்பத்திரி வார்டுல கட்டில் பக்கத்துல ஒரு சார்ட் இருக்கும், பாத்திருப்பீங்க. நோயாளி எவ்வளவு குடிச்சார், எவ்வளவு டிரிப்ஸ் ஏறுச்சு, எவ்வளவு சிறுநீர் போச்சு, எல்லாத்தையும் நர்ஸ் மில்லிலிட்டர் கணக்குல எழுதிக்கிட்டே இருப்பாங்க. பார்க்க வெறும் குமாஸ்தா வேலை மாதிரிதான் தெரியும். ஆனா காலரா வைத்தியத்தையே மாத்தினது இந்த வரவு செலவுக் கணக்குதான்.

கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரைக்கும்கூட பேதியாகப் போகலாம். டிரிப்ஸ் ஏத்தினா பிழைக்கலாம். ஆனா 1960-கள்ல கிராமத்துல டிரிப்ஸுக்கு எங்க போறது? வாய்வழியாக் குடுத்துப் பாக்கலாம்னு 1962-ல் மணிலாவில் ராபர்ட் பிலிப்ஸ் முயன்றார். கரைசலில் உப்பு அதிகம். சில நோயாளிகள் இறந்துபோனார்கள். அதோட அந்த யோசனை மேலயே டாக்டர்களுக்குப் பயம் வந்துடுச்சு.

அடுத்த கட்டம் டாக்காவில், காலரா ஆராய்ச்சிக் கூடத்தில். அங்கே காலராவுக்குன்னே ஒரு கட்டில். நடுவுல ஓட்டை, கீழே பக்கெட். எழுந்திருக்க முடியாத நோயாளி படுத்தபடியே போகலாம், எவ்வளவு போச்சுன்னு அளக்கவும் செய்யலாம். அருவருப்பா இருக்கா? எனக்கென்னவோ மருத்துவ வரலாற்றுலேயே அழகான கருவிகள்ல ஒண்ணுன்னு தோணுது.

முந்தைய ஒரு முயற்சி ஏன் தோத்ததுன்னு டேவிட் நேலின் கண்டுபிடித்தார். நோயாளிகள் இழந்த அளவுக்கு அவங்களுக்குக் குடிக்கக் குடுக்கலை, அவ்வளவுதான். நேலின், ரிச்சர்ட் கேஷ், கூட வேலை பார்த்த வங்காள மருத்துவர்கள் எல்லாரும் சேர்ந்து, பக்கெட்டில் எவ்வளவு சேர்ந்ததோ அதற்கு ஈடாகக் குளுக்கோஸ் கலந்த உப்புக் கரைசலைக் கொடுத்தார்கள். (குளுக்கோஸ் உள்ள போகும்போது உப்பையும் கூட்டிட்டுப் போகும், பின்னாடியே தண்ணியும் போகும்.) 1968-ல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது: டிரிப்ஸ் தேவை 80 சதவீதம் குறைந்தது. கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்குப் புரியும், இது சுத்தமான ஃபீட்பேக் லூப்.

ஆனா இதெல்லாம் அளக்க ஆள் இருக்கிற வார்டுல நடந்தது. 1971, வங்கதேசப் போர். மேற்கு வங்க எல்லையில் இருக்கும் பன்காவ் அகதிகளால் நிரம்பி வழிஞ்சது. ஆஸ்பத்திரித் தரையெல்லாம் மலமும் வாந்தியும், நோயாளிகள் அதுலேயே கிடக்குறாங்க. திலீப் மகலநபிஸ் மண்டி போட்டுத்தான் வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது. டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துகொண்டிருந்தது. இந்த இடத்துல யார் சார்ட் எழுதுறது?

அவர் அளப்பதையே கைவிட்டார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. கரைத்து டிரம்மில் வைத்தார்கள். பேர் 'ஓரல் சலைன்'. சலைன்னு கேட்டாலே மக்களுக்கு ஒரு நம்பிக்கை. அம்மாவோ அண்ணனோ டம்ளரில் பிடித்துக் கொடுக்கணும், நோயாளி தாகம் தீரும் வரை குடிக்கணும். பக்கெட் செஞ்ச வேலையைத் தாகம் செஞ்சது. முகாமில் சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு, இந்தச் சிகிச்சை பெற்றவர்களிடையே 3.6 சதவீதமாக இறங்கியது.

மகலநபிஸ் 2022-ல் காலமானார். பத்ம விபூஷண் அறிவிப்பு வந்தது 2023-ல். இன்னைக்கு ஓஆர்எஸ் குடுக்கும்போது சொல்ற அளவு: ஒவ்வொரு தடவை பேதியான பிறகும், 2 வயசுக்குள்ள இருந்தா 50-லிருந்து 100 மில்லி, அதுக்கு மேல 100-லிருந்து 200 மில்லி.