குடியம் மலைப்பாதையும் அல்பீரூனியின் பார்வையும்

பூமியில் சுற்றித் திரிந்து, படைப்பு எவ்வாறு தொடங்கிற்று என்பதைப் பார்க்குமாறு அல்குர்ஆனின் அன்கபூத் அத்தியாயம் நம்மை அழைக்கிறது. அவ்வழைப்பை ஓதும்போது நம் நினைவு தொலைதூர நாடுகளுக்கே செல்கிறது. ஆனால் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மஹல்லாக்களில் வாழும் நமக்கு, ஒரு நாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவிலேயே அவ்வழைப்புக்குரிய ஓர் இடம் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைகளும் அவற்றை அடுத்துள்ள அத்திரம்பாக்கமுமே அவ்விடம்.

ஆவடியிலிருந்து புறநகர் ரயிலில் திருவள்ளூர் சென்று, அங்கிருந்து பூண்டி வழியாகப் போக வேண்டும். பூண்டி நீர்த்தேக்கம் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடிக்கப்பட்டது. சென்னை மேயராயிருந்து அதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயரை அது தாங்கி நிற்கிறது. அங்கிருந்து கால்வாய் வழியே புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் செல்லும் நீர் சென்னை நகரின் குடிநீராகப் பயன்படுகிறது. நாம் உளூ செய்யும் நீரிலும் இவ்வாற்றின் பங்கு உண்டு. பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. குகைகளுக்குச் செல்லுமுன் அதைக் கண்டு செல்வது நலம்.

குடியம் சிற்றூரைக் கடந்ததும் நடைபாதை தொடங்குகிறது. செம்மண் தரை, முட்புதர்கள், உயர்ந்தும் தாழ்ந்தும் செல்லும் அல்லிக்குழிக் குன்றுகள் எனச் சில கிலோமீட்டர் நடக்க வேண்டும். காலடியில் எங்கு பார்த்தாலும் உருண்டு வழவழப்பான கூழாங்கற்கள். குகையை அடைந்து நிமிர்ந்து பார்த்தால், தலைக்கு மேலுள்ள பாறையும் அத்தகைய கற்கள் மணலோடு இறுகித் திரண்ட பாறையாகவே காணப்படுகிறது. கல்லை உருட்டி வழவழப்பாக்குவது ஓடும் நீரின் வேலை. அப்படியானால் இக்குன்றின் உச்சியில் அவற்றைக் கொண்டு சேர்த்த நீர் எங்கே?

இத்தகைய கேள்வியை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கேட்டவர் அபூ ரைஹான் அல்பீரூனி. 973இல் குவாரஸ்மில் பிறந்த அப்பேரறிஞர் நம் தென்னாட்டுக்கு வந்தவரல்லர். ஆனால் வடமேற்கு இந்தியாவில் தங்கி, சமஸ்கிருதம் கற்று, 1030ஆம் ஆண்டளவில் ‘கிதாபுல் ஹிந்த்’ எனும் நூலை எழுதினார். மலைகளுக்கு அருகில் கற்கள் பெரியனவாக இருப்பதையும், தொலைவு செல்லச் செல்லச் சிறுத்து, ஆறு அமைதியாக ஓடுமிடத்தில் மணலாகிவிடுவதையும் அவர் கண்டார். இந்தியச் சமவெளி ஒரு காலத்தில் கடலாயிருந்து, ஆறுகள் கொணர்ந்த வண்டலால் தூர்ந்தது என்ற முடிவுக்கு வந்தார். அவர் காலத்தவரான இப்னு ஸீனாவும் மலைகள் நெடுங்காலப் போக்கில் உருவாவதைப் பற்றி ‘அஷ்ஷிஃபா’ நூலில் எழுதியுள்ளார். படைப்பின் நீண்ட காலத்தை எண்ணி அவர்கள் அஞ்சவில்லை.

அந்தப் பார்வையோடு குடியத்தின் கற்களைப் பார்ப்போம். இக்குன்றின் பாறைகள் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்று புவியியலார் கணிக்கின்றனர். மழையும் வெயிலும் அரித்தபோது கற்கள் பெயர்ந்து சமவெளியில் பரவின. அவற்றில் உறுதியான குவார்ட்சைட் கற்களைத் தேர்ந்தெடுத்து, இரு பக்கமும் செதுக்கிக் கைக்கோடரிகளாக்கினர் பண்டை மனிதர்.

1863 மே 30 அன்று, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் அத்தகைய கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தனர். கற்கருவிகளின் பழமையை ஐரோப்பிய அறிஞர்கள் பரவலாக ஏற்று நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது.

அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் சாந்தி பப்பு தலைமையிலான குழு அகழாய்வு நடத்தியது. கல் வெளிப்பரப்பில் கிடக்கும்போது விண்வெளிக் கதிர்கள் அதில் சில தனிமங்களை உண்டாக்குகின்றன. மண்ணில் புதைந்தபின் அவை வெவ்வேறு வேகத்தில் சிதைகின்றன. மீதமுள்ள அளவுகளை ஒப்பிட்டு, அது புதைந்த காலத்தைக் கணக்கிடலாம். இவ்வாறு 2011இல் வெளியான ஆய்வு, அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயதைக் கொடுத்தது. வேறொரு முறையில் செய்யப்பட்டு 2018இல் வெளியான ஆய்வு, மேம்பட்ட செதுக்கு முறை அங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டதைக் காட்டியது.

இங்குதான் நம் பிள்ளைகள் நம்மிடம் கேட்கிறார்கள்: அப்படியானால் ஆதம் (அலை) அவர்கள்? ‘அதையெல்லாம் நம்பாதே’ என்று அதட்டி அனுப்பினால், மார்க்கமா அறிவா என்ற தேர்வை நாமே அவர்கள் தலையில் சுமத்துகிறோம். பூமியின் வயது இத்தனை ஆண்டு என்று அல்குர்ஆன் எண்ணிச் சொல்லவில்லை. அத்திரம்பாக்கத்தில் நடந்த அந்த அகழாய்வில் மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. கருவிகளும் சில விலங்குப் பற்களுமே கிடைத்தன. ஆகவே அக்கற்கள் தம் வயதைச் சொல்கின்றன. தம்மைச் செதுக்கியவர் யார் என்பதை முழுமையாகச் சொல்லவில்லை. ஆதம் (அலை) அவர்களைப் பற்றிய நம் நம்பிக்கை வஹீயிலிருந்து வருவது. கல்லின் வயது அளவீட்டிலிருந்து வருவது. இரண்டுக்கும் இடையிலுள்ள கேள்விகளைப் பொறுமையோடு திறந்து வைத்திருப்பது ஈமானின் குறைபாடாகாது. ‘அல்லாஹ் நன்கறிந்தவன்’ என்று எழுதிவிட்டுத் தொடர்ந்து ஆராய்ந்த ஆலிம்களின் மரபு நம்முடையது.

இம்மலைக்குச் செல்வோருக்குச் சில கடமைகள் உண்டு. காட்டுப் பகுதியாதலால் வனத்துறையிடம் கேட்டறிந்து, ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தண்ணீரை நாமே சுமந்து செல்ல வேண்டும். குகையில் ஊர்மக்கள் அம்மனை வழிபடுகின்றனர். அவர்களது இடத்தில் நாம் விருந்தினர். குப்பை எதையும் விட்டு வரலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, செதுக்கிய கல் கண்ணில் பட்டால் அதை எடுத்து வரக்கூடாது. அது கிடந்த மண்ணடுக்குதான் அதன் காலத்துக்குச் சாட்சி. அதைப் பெயர்த்துவிட்டால் நம் வீட்டு அலமாரியில் இருப்பது பேசாத கல். அமானிதம் என்பது கையில் ஒப்படைக்கப்பட்ட பொருளுக்கு மட்டும் உரியதன்று. இவ்வாறு வழியில் கிடப்பதற்கும் உரியது.

பூமி முழுவதும் நமக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டுள்ளது என்பது நபிமொழி. ளுஹர் வேளையில் அக்குன்றின் நிழலில், கூழாங்கற்களை ஒதுக்கி நெற்றியைத் தரையில் வைக்கும்போது, எத்தனை நெடிய காலத்தை அவன் இம்மண்ணில் அடுக்கி வைத்திருக்கிறான் என்பதை உணர்வோம். மழைக்காலம் முடிந்து வெயில் ஏறுமுன், இன்ஷா அல்லாஹ், நம் பிள்ளைகளையும் அவர்களது கேள்விகளையும் உடன் அழைத்துக்கொண்டு ஒருமுறை அங்கு நடந்து வருவோம்.