இரண்டு முறை உதித்த சூரியன்

சென்ற மாதம் என் மகள் பெர்த்திலிருந்து லண்டனுக்குப் போனாள். எங்கும் இறங்காமல் போகும் விமானம். ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர், பதினேழு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். சென்னையில் நானும் மனைவியும் கைபேசித் திரையில் ஊர்ந்துகொண்டிருந்த அந்தச் சின்ன விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். இந்துமாக்கடல் மேல் அது அசையாமல் நின்றுவிட்டது.

"என்னங்க, அப்படியே நிக்குது?"

"கடலுக்கு மேல சிக்னல் இருக்காது. வந்துரும்."

இருபது நிமிடத்தில் வந்துவிட்டது. அதற்குள் அவள் இரண்டு முறை சாமி அறைக்குப் போய்வந்திருந்தாள். எனக்கோ, இதே கடலின் மேல் ஒரு நாளுக்கும் மேலாகத் தகவலே இல்லாமல் பறந்தவர்களின் ஞாபகம் வந்தது.

1938 முதல் சிட்னியையும் இங்கிலாந்தையும் நீரில் இறங்கும் விமானங்கள் சிங்கப்பூர் வழியாக இணைத்துவந்தன. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. வழி அறுந்தது. அதை மறுபடியும் ஒட்டவைக்க 1943-ல் குவாண்டாஸ் நிறுவனம் பெர்த்தின் ஸ்வான் ஆற்றிலிருந்து இலங்கையில் காலிக்கு அருகே உள்ள கொக்கல ஏரிவரை கேட்டலினா விமானங்களை ஓட்டியது. சுமார் 5,650 கிலோமீட்டர். இன்றைய விமானத்துக்கு ஏழெட்டு மணி நேர வேலை. கேட்டலினாவுக்கு 27 முதல் 33 மணி நேரம் ஆனது. மணிக்கு 200 கிலோமீட்டர்தான் அதன் வேகம்.

எரிபொருளின் எடையே அத்தனை என்பதால் மூன்று பயணிகளும் 69 கிலோ தபாலும் மட்டுமே ஏற முடிந்தது. ஜப்பானிய விமானங்கள் சுற்றும் பகுதியை இருட்டில் கடக்க வேண்டும். எதிரி காதில் விழுந்துவிடும் என்பதால் ரேடியோவில் பேசக் கூடாது. நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடித்தார்கள். ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியோதயம் பார்த்த பயணிகளுக்கு 'இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்க' உறுப்பினர் என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

1945 ஜூலைவரை 271 முறை கடலைக் கடந்தார்கள். ஒரு விமானம்கூடக் காணாமல் போகவில்லை. இது இன்று நமக்குத் தெரியும். அன்று கொக்கல கரையில் காத்திருந்தவனுக்கு ஒவ்வொரு முறையும் தெரியாது. வானத்தில் இரைச்சல் கேட்கும்வரை அவனுக்கு அந்த விமானம் இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வி.

போர் முடிந்ததும் அமெரிக்காவுடனான ஒப்பந்தப்படி அந்த ஐந்து கேட்டலினாக்களையும் ஆஸ்திரேலியக் கடலிலேயே மூழ்கடித்துவிட்டார்கள்.

பெர்த்துக்கும் கொக்கலவுக்கும் நடுவே உள்ள தூரம் அப்படியேதான் இருக்கிறது. பயண நேரம் குறைந்ததைத்தான் நாம் பெரிதாகப் பேசுகிறோம். காத்திருப்பவருக்கு அதைவிடப் பெரிய விஷயம், ஒன்றும் தெரியாமல் கிடக்கும் நேரம் குறைந்தது. முப்பது மணி நேரம் இருபது நிமிடமாகியிருக்கிறது. அந்த இருபது நிமிடத்தையே எங்களால் தாங்க முடியவில்லை.

லண்டனில் இறங்கியதும் மகள் போன் செய்தாள். "செம போர்ப்பா" என்றாள்.